நீர்க்குறியும் நிறத்தாளும்: மாத்தளைத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

சலக்கடுப்பு என்பது ஈழத்துத் தமிழ் வழக்கிலே பழகிப்போன ஒரு சொல். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, மூத்திரகிரிச்சரம் என மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர்களும் அதே துன்பத்தையோ அதனை அடுத்துள்ள துன்பங்களையோ குறிப்பன. இன்றைய மருத்துவம் இவற்றின் பெரும்பகுதியைச் சிறுநீர்ப்பாதைத் தொற்று என்ற ஒரே பெயரின் கீழ் அடக்குகின்றது. பெயர்கள் பலவாயினும் நோயாளியின் அனுபவம் ஒன்றே. எரிவு, அடிக்கடி நீர் கழிக்க வேண்டுமென்ற உந்துதல், கழித்த பின்னரும் தீராத உணர்வு, நோய் சிறுநீரகத்தை எட்டுமாயின் குளிர்க்காய்ச்சலும் விலாநோவும். பெண்களிடையே இந்நோய் மிகுந்து காணப்படுவதற்கு உடலமைப்பு முதற் காரணமாகும். பெண்ணின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. கிருமிகள் சிறுநீர்ப்பையை எட்டுதற்கு அக்குறுந்தொலைவு தடையாவதில்லை.

உடலமைப்பு முதற் காரணமேயன்றி முழுக் காரணம் அன்று. இரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பகுதிகளின் மலைச்சரிவுகளிலே காலை முதல் மாலை வரை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மறைவிடம் அரிது. கழுவுதற்கு நீர் அதனினும் அரிது. ஆகவே நீரை அடக்குவதும், அடக்க வேண்டிவரும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் அவர்களிடையே வழக்கமாகிவிட்டன. நாட்கூலி பறித்த கொழுந்தின் நிறையோடு பிணைக்கப்பட்டுள்ள தொழிலில், மலையிறங்கி லயத்துக்குச் சென்று மீளும் நேரமும் கூலியிலிருந்து கழியும் நேரமேயாகும்.

இந்நோயை வீட்டிலிருந்தவாறே சோதித்தறியும் ஒரு சாதனம் இன்று நகரத்து மருந்துக்கடைகளிலே கிடைக்கின்றது. விரலளவு நீளமுடைய ஒரு நெகிழித் துண்டு. அதன்மேல் மருந்தூட்டிய சிறு சதுரங்கள். சிறுநீரில் தோய்த்து ஓரிரு நிமிடம் பொறுத்தால் நிறம் மாறும் அல்லது மாறாது. பார்வைக்கு அற்பமான இந்த நிறத்தாள் மருத்துவரின் கையிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. அது வரும்போது தன்னுடன் எவற்றைக் கொண்டுவந்தது, எவற்றை வழியிலேயே விட்டுவந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. மாத்தளை இதற்குப் பொருத்தமான களமாக அமைவதற்குக் காரணம் உண்டு. நுணுக்குக்காட்டியை மையமாகக் கொண்ட ஒரு பெருஞ்சோதனை தோட்டத்து லயங்களை வாசல்தோறும் தேடிவந்த வரலாறு இம்மாவட்டத்துக்கு உரியது.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் முயற்சி தமிழ் மருத்துவத்துக்குப் புதியதன்று. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்விலே அது இறுதியாக வைத்து எண்ணப்படுகின்றது. தேரையர் பெயரால் வழங்கும் நூல்மரபு இதனை நீர்க்குறி, நெய்க்குறி என இரண்டாகப் பிரித்து விரிவாகப் பேசும். நீரின் நிறம், எடை, நாற்றம், நுரை, அளவிற் குறைதல் என்னும் ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை இட்டு, அது பரவும் வடிவைக் காண்பது நெய்க்குறி. எண்ணெய் பாம்புபோல் நீளுமாயின் வாதம், வளையமாகப் பரவுமாயின் பித்தம், முத்துப்போல் திரண்டு நிற்குமாயின் கபம் எனக் கொள்வர். முதல்நாள் உணவு, உறக்கம் ஆகியவற்றுக்கு விதி கூறி, விடியற்காலையில் விழும் நீரையே ஒரு கண்ணாடிக் கலத்திற் பிடித்தல் வேண்டும் என்பதும் அம்மரபின் நியதியாகும்.

இந்த விடியற்கால நியதி இன்றைய நிறத்தாளுக்கும் உரியதாயிருப்பது சுவையான ஒற்றுமையே. எனினும் இதனைக் கொண்டு, இன்றைய விஞ்ஞானம் கண்டதெல்லாம் நம்முன்னோர் அன்றே கண்டனர் என்று முழங்குவது ஆராய்ச்சியாகாது. நிறத்தாளுக்கு விடியற்கால நீர் வேண்டப்படுவது, கிருமிகள் தம் வேலையைச் செய்தற்கு நீர் பையிலே சில மணிநேரம் தங்கியிருத்தல் வேண்டும் என்பதனால். நெய்க்குறியார் அதனை வேண்டியது முற்றிலும் வேறான ஒரு நோய்க்கொள்கையின் அடிப்படையில். ஆயினும் சோதனைக்கு முன் நோயாளியின் உணவையும் பொழுதையும் ஒழுங்குபடுத்தாவிடிற் சோதனை பொய்க்கும் என்ற விழிப்பு அவர்களிடம் இருந்தது. இவ்விழிப்பு, பின்னர்க் காணப்போவதுபோல, மருந்துக்கடையில் நிறத்தாளை வாங்குபவரிடம் எப்போதும் இருப்பதில்லை.

ஐரோப்பாவிலும் சிறுநீர்க் கலம் நெடுங்காலம் மருத்துவரின் அடையாளமாகவே விளங்கிற்று. நோயாளி வீட்டிற் கிடப்பார்; வேலைக்காரி குடுவையைக் கொண்டுசெல்வாள்; மருத்துவர் அதனை வெளிச்சத்திலே தூக்கிப் பார்த்து நோயையும் முடிவையும் கூறுவார். நோயாளியைப் பாராமலே நீரைப் பார்த்துக் குறிசொல்லும் இவ்வழக்கத்தைத் தோமஸ் பிறையன் என்ற ஆங்கில மருத்துவர் 1637 இல் வெளியிட்ட ஒரு நூலிலே கடுமையாக எள்ளி நகையாடினார். வீட்டிலிருந்து மாதிரி போகும். தீர்ப்பு வெளியிலிருந்து வரும். இந்த அமைப்பு பின்வந்த நூற்றாண்டுகளிலும் மாறவில்லை. தீர்ப்புக் கூறும் கருவியே மாறிற்று.

கருவி மாறியமை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரிய கதை. 1827 இல் இலண்டனில் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த றிச்சட் பிறைற், வீக்கமுற்ற நோயாளரின் சிறுநீரைச் சூடாக்கியபோது அது முட்டையின் வெண்கருபோல் திரண்டமையைச் சிறுநீரக நோயுடன் இணைத்துக் காட்டினார். ஒரு கரண்டியும் ஒரு மெழுகுதிரியும் அச்சோதனைக்குப் போதுமாயிருந்தன. 1883 இல் ஜோர்ஜ் ஒலிவர் என்ற மருத்துவர், இரசாயனம் ஊட்டி உலர்த்திய தாள்களைச் சட்டைப்பையிற் கொண்டுசென்று படுக்கையருகிலேயே சிறுநீரைச் சோதிக்கும் முறையை நூலாக வெளியிட்டார். இன்றைய நிறத்தாளின் மூதாதை அதுவே எனலாம். இக்காலப்பகுதியிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து வந்தார் என்பதும், இரசாயனத்தைத் தமிழிற் கூறும் ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளிவந்தது என்பதும் தமிழ் மாணவர் மறக்கலாகாத செய்திகள்.

கிருமியைக் காட்டும் சோதனைக்கு வழி வகுத்தவர் மருத்துவர் அல்லர். மதுவடிசாலையிற் பணிபுரிந்த ஓர் இரசாயனர். ஜேர்மனியிற் பிறந்து இங்கிலாந்தின் பேட்டன் நகரத்து மதுவடிசாலையொன்றில் வேலைபார்த்த பீற்றர் கிறீஸ், நீரிலே மிகச் சிறிதளவு நைத்திரைற்று இருப்பினும் அதனைச் செந்நிறமாகக் காட்டும் ஒரு தாக்கத்தை 1879 இல் விளக்கினார். சிறுநீரில் இயல்பாக நைத்திரேற்று உண்டு, நைத்திரைற்று இல்லை. தொற்றை உண்டாக்கும் கிருமிகளிற் பல, குறிப்பாக எஷரிக் 1885 இல் விவரித்த குடற்கிருமி, நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்ற வல்லன. ஆகவே சிறுநீர் சிவக்குமாயின் அங்கே கிருமி வேலைசெய்திருக்கின்றது என்பது அனுமானம். இவ்வனுமானம் மருத்துவத்துக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகளாயின. கிருமி வளர்ப்பும் நுணுக்குக்காட்டியுமே நம்பத்தக்க சான்றுகள் எனக் கருதப்பட்ட காலம் அது. அவை இரண்டும் ஆய்வுகூடத்துக்கு உரியவை. ஆய்வுகூடமோ நகரத்துக்கு உரியது.

இனி மாத்தளைக்கு வருவோம். கண்டிக்கு வடக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலும் அதன் அடிவாரத்திலும் பரந்துள்ள இப்பகுதி கோப்பிக் காலத்திலேயே தோட்டங்களாக மாறிற்று. மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை வழியாக நடந்து மலைநாட்டைத் தொட்ட வாயில் மாத்தளையாகும். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர் பலர். 1880 இல் புகையிரதம் மாத்தளையை எட்டிய காலத்தில் கோப்பி இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872 இலும் அதன் பின்னரும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912 இல் அவை மேலும் விரிவாக்கப்பட்டன. ஆயினும் தோட்டத்திலே நோய் என்பதன் நடைமுறை வரைவிலக்கணம் சட்டத்தில் இருந்ததன்று. பிரட்டுக் களத்துக்கு வரமுடியாமையே நோய். எழுந்து நடக்க இயன்றவர் நோயாளி அல்லர். எரிவோடும் கடுப்போடும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேற இயலுமாதலின், சலக்கடுப்பு இவ்வரைவிலக்கணத்துள் அடங்காத நோயாகவே நின்றது. மேலும், கங்காணியிடமோ ஆண் மருந்தாளரிடமோ சொல்லக் கூசும் நோய் அது. பதிவேடுகளில் இடம்பெறாத நோய்க்கு வரலாறு எழுதுவது எளிதன்று. அதனை அடுத்திருந்த, பதிவுபெற்ற நோய்களின் வழியாகவே அதனை அணுக வேண்டியுள்ளது.

அவ்வாறு பதிவுபெற்ற நோய்களுள் தலையாயது கொழுக்கிப்புழு. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தைச் சேர்ந்த உலகச் சுகாதாரப் பிரிவினர் இலங்கையில் இந்நோய்க்கு எதிரான இயக்கத்தை 1916 இல் தொடங்கியபோது அவர்கள் தேர்ந்த களம் மாத்தளைத் தோட்டங்களாகும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த தொழிலாளி குறைவாகவே பறிப்பார், குறைவாகவே வெட்டுவார். தோட்டத்துரைமார் இவ்வியக்கத்துக்கு இசைந்தமைக்கு இக்கணக்கே முதன்மைக் காரணம் என்பதை மறைத்தற்கில்லை.

இயக்கத்தின் முறை அக்காலத்துக்குப் புதுமையானது. முதலில் ஒவ்வொரு லயத்திலும் உள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் எழுதப்படும். பின்னர் ஒவ்வொருவரின் மலமும் பெறப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் புழுவின் முட்டை தேடப்படும். பெயர் எழுதிய சிறு தகரப் பேழைகளை வீடுதோறும் கொடுத்துவைத்து மறுநாள் திரும்பப் பெறுவதே இத்தகைய இயக்கங்களின் வழக்கம். முட்டை காணப்பட்டோருக்கு மருந்து கொடுக்கப்படும்; மீண்டும் சோதிக்கப்படும். தோட்டங்களிற் சோதிக்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தமை வெளிப்பட்டது. தமிழ்த் தொழிலாளி ஒருவரின் குடலினுள் என்ன நிகழ்கின்றது என்பதை அறிய உலகின் மறுகோடியிலிருந்து நுணுக்குக்காட்டி வந்த நிகழ்ச்சி, அதன் நோக்கம் எதுவாயினும், நம் சமூக வரலாற்றிலே சிறியதன்று.

ஆனால் அந்நிகழ்ச்சியின் மறுபக்கமே இக்கட்டுரைக்கு முதன்மையானது. மருந்து உண்டவர் புழு நீங்கி, பழைய மண்ணிலேயே பழையபடி வெறுங்காலுடன் நடந்தார். மலசலகூடங்கள் இல்லாத தோட்டத்தில் மண் நாள்தோறும் புதிதாக மாசுற்றது. புழு மீண்டும் ஏறியது. கூடங்கள் கட்டப்படாமல் மருந்து மட்டும் கொடுப்பதாற் பயனில்லை என இயக்கத்தினர் வற்புறுத்தினர். செலவு கருதித் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். பலகாலம் இவ்விழுபறி நீடித்தது. இறுதியில் நிதியத்தினர் தனியொரு நோயைத் துரத்துவதை விடுத்து, 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறைக்குத் தம் கவனத்தைத் திருப்பினர். சோதனை லயத்து வாசல்வரை வந்தது. முடிவும் மருந்தும் கூட வந்தன. நோய் திரும்பாமல் தடுக்கும் மலசலகூடம் மட்டும் வரவில்லை. பத்துப்பேரில் ஒன்பது பேருக்கு நோய் என்பது தெரிந்திருந்த நிலையில், மேலும் துல்லியமான ஒரு சோதனை அத்தொழிலாளருக்கு எதனைச் செய்திருக்க இயலும் என்பது கேட்கத்தக்க வினா.

சுகாதாரப் பகுதி முறையின் வழியாக வந்த மருத்துவமாதுவே சிறுநீர்ச் சோதனையை இலங்கைத் தாய்மாரிடம் பரவலாகக் கொண்டுசென்றவர். கர்ப்பிணியின் சிறுநீரைச் சோதனைக்குழாயில் எடுத்துச் சாராய விளக்கின் சுடரிற் காட்டினால், அல்புமின் இருக்குமிடத்து அது வெண்மையாகக் கலங்கும். சில துளி வினாகிரி விட்ட பின்னும் அக்கலங்கல் நீங்காதாயின் ஐயமில்லை. சர்க்கரைக்குப் பெனடிக்ற் கரைசல். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கற் சிவப்பாகும் அக்காட்சியைக் கர்ப்பகாலச் சிகிச்சை நிலையத்தின் வாங்கிலே அமர்ந்திருந்த தாய்மார் தம் கண்ணாலேயே கண்டனர். ஆய்வுகூடச் சுவருக்குள் நிகழும் சோதனைக்கு இல்லாத ஒரு வெளிப்படைத்தன்மை இதற்கு இருந்தது. இன்றும் கர்ப்பகாலப் பதிவட்டையில் இவ்விரண்டுக்கும் இடம் உண்டு. ஆயினும் இவை குருதியமுக்கத்தோடு வரும் கர்ப்ப நஞ்சேற்றத்தையும் நீரிழிவையும் நாடிய சோதனைகள். கிருமியை நாடியவை அல்ல.

கிருமியின் முதன்மையை உணர்த்தியவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தைச் சேர்ந்த எட்வேட் கஸ். ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் 1,00,000 கிருமிகளுக்கு மேல் வளருமாயின் அதனைத் தற்செயலான மாசு எனக் கொள்ளாது மெய்யான தொற்றெனக் கொள்ளலாம் என 1956 இல் அவர் ஓர் எல்லையை வகுத்தார். அதனினும் அதிர்ச்சி தந்தது, எரிவோ கடுப்போ இல்லாத கர்ப்பிணிகள் சிலரிலும் அவ்வெல்லை மீறப்பட்டிருந்தமை. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை இவ்வாறு அறிகுறியின்றிக் கிருமியைத் தாங்குவர் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மருந்தின்றி விடப்பட்டால் அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத் தொற்றும், அதன் தொடர்பிற் குறைமாதப் பிரசவமும் நேரக்கூடும். துன்பம் இல்லாத இடத்தும் நோய் இருக்கலாம் என்ற இந்த உண்மை, பிரட்டுக்கு வரமுடியாமையே நோய் என்ற தோட்டத்து வரைவிலக்கணத்துக்கு நேர் எதிரானது.

அதே 1956 இல் அமெரிக்காவின் எல்காட் நகரத்து ஏம்ஸ் நிறுவனம், அல்பிரட் பிறீ, ஹெலன் பிறீ என்ற தம்பதியினரின் உழைப்பால் தோய்த்துப் பார்க்கும் சர்க்கரைத் தாளை விற்பனைக்கு விட்டது. சூடாக்க வேண்டியதில்லை, கரைசல் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அல்புமினுக்கான தாள் வந்தது. பின்னர்க் கிறீஸின் தாக்கமும் தாளில் ஏறிற்று. 1980களிலே வெண்குருதிக் கலங்களின் நொதியத்தைக் காட்டும் சதுரமும் அதனுடன் சேர்ந்தது. தொற்று நேரும்போது உடல் அனுப்பும் படைவீரர் வெண்கலங்களாதலின், நைத்திரைற்று பகைவனின் தடயத்தையும் நொதியம் காவலரின் தடயத்தையும் காட்டுவதாகக் கொள்ளலாம்.

இத்தாளை மருத்துவரின்றி வீட்டிற் பயன்படுத்த இயலுமா என்ற வினாவை முறையாக ஆராய்ந்தவர்களுள் கல்வின் கியூனின் குறிப்பிடத்தக்கவர். 1970களின் நடுப்பகுதியில் விஸ்கொன்சினிலே பணியாற்றிய அவரும் அவருடைய துணைவரும், 3 முதல் 5 வயது வரையான சிறுமியரின் காலைச் சிறுநீரைத் தாய்மாரே நைத்திரைற்றுத் தாளால் சோதித்தறிவதை ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டனர். தாய்மாரால் அது இயன்றது. மருத்துவப் பட்டமோ ஆய்வுகூடமோ இன்றி, ஒரு தாய் தன் குழந்தையின் நோயைச் சமையலறை வெளிச்சத்திலே காணக்கூடும் என்பது நிறுவப்பட்டது. பிறையன் எள்ளிய அந்தப் பழைய அமைப்பு முதன்முறையாக உடைந்தது எனலாம். மாதிரியும் தீர்ப்பும் ஒரே வீட்டினுள் அமைந்தன.

ஆனால் அந்தத் தாய்மாருக்கு வேறு சில வசதிகளும் இருந்தன. தாள் சிவந்தால் தொலைபேசியில் அழைக்க ஒரு மருத்துவர் இருந்தார். கிருமி வளர்த்து உறுதிசெய்ய ஓர் ஆய்வுகூடம் இருந்தது. மாதிரி பிடிப்பதற்கு வீட்டினுள்ளே கூடமும் குழாய்நீரும் இருந்தன. தாளின் திறனைப் பேசுவோர் இவற்றைப் பேச மறந்துவிடுகின்றனர். மாத்தளைத் தோட்டத்து லயத்திலே அதே தாளை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, நீர் நான்கு மணிநேரமாயினும் பையில் தங்கியிருத்தல் வேண்டும். கடுப்பால் இரவில் பலமுறை எழும் பெண்ணின் நீர் அத்துணை நேரம் தங்குவதில்லை. நோய் முற்றியவிடத்தே தாள் மௌனமாவது இதனாலாகும். நைத்திரேற்று உணவிலிருந்தே, பெரும்பாலும் கீரை மரக்கறிகளிலிருந்தே கிடைப்பது. ரொட்டியும் சம்பலுமே உணவாகும் நாட்களில் மாற்றப்படுதற்கு அது போதிய அளவில் இல்லாது போகலாம். தொற்றை உண்டாக்கும் கிருமிகளிற் சில நைத்திரேற்றை மாற்றும் ஆற்றலே அற்றவை. விற்றமின் ‘சி’ மாத்திரை உண்டவரின் நீரிலும் நிறம் தோன்றாமற் போகக்கூடும். இவையெல்லாம் நோய் இருந்தும் இல்லையெனக் கூறும் பொய்கள். மறுபுறம், போத்தலின் மூடி சரியாக மூடப்படாது ஈரக்காற்றுப் புகுந்த தாள் நோயின்றியும் சிவக்கும். நக்கிள்ஸ் அடிவாரத்து மழைமாதங்களில், அடுப்புப் புகையும் ஈரமும் நிறைந்த ஒரே அறையில், மூடிய போத்தல் எத்துணை நாள் மூடியபடி இருக்கும்? கழுவ நீரின்றிப் பிடித்த மாதிரியில் தோலின் கிருமியும் வெண்கலமும் கலந்துவிடும். நிறங்களை ஒப்பிடும் அட்டையிலே இளஞ்சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு மங்கிய விளக்கொளியில் மறைந்துபோகும். போத்தலுடன் வரும் குறிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இரசாயனத்தைத் தமிழில் அச்சிட்ட நாட்டிலே இந்நிலை நீடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

தாள் சிவந்தபின் நேர்வது யாது என்பதும் நோக்கத்தக்கது. 1972, 1975 ஆம் ஆண்டுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட மருத்துவமனைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதும் 1990களிலேயாம். பெயர்ப்பலகைகள் மாறின, எனினும் தமிழ் பேசும் மருத்துவமாதுக்களின் பற்றாக்குறை தோட்டப்புறங்களில் நெடுங்காலக் குறையாகவே நிலவுகின்றது. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மாத்தளை நகருக்குச் செல்வதாயின் ஒருநாட் கூலி போகும். ஆதலின் அருகிலுள்ள கடையில், முன்னொருமுறை வாங்கிய அதே கிருமிகொல்லியை மீண்டும் கேட்டு வாங்கி, இரண்டு நாள் உண்டு, கடுப்புத் தணிந்ததும் நிறுத்திவிடுவது எளிய வழியாகின்றது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் வழியும் அதுவே. நிறத்தாள் இவ்வழியைத் தடுக்கவும் கூடும், விரைவுபடுத்தவும் கூடும். அதன் பின்னால் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

தாளின் மௌனத்தை நம்புவதிலுள்ள இடரை இம்மாவட்டத்தின் மற்றொரு மூலை உணர்த்துகின்றது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே மகாவலியை அடுத்த வில்கமுவப் பகுதி, காரணம் உறுதியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பகுதிகளுள் ஒன்று. 1990கள் முதல் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பெருமளவில் அறியப்பட்ட இந்நோய், சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் தாக்குவது. ஆகவே தொடக்கத்தில் அல்புமின் சிறிதே வெளியேறும். சாதாரணத் தாள் அதனைக் காட்டத் தவறலாம். பிறைற்றின் கரண்டியிலிருந்து வந்த சோதனை, பிறைற் அறியாத ஒரு நோயின் முன் தடுமாறுகின்றது. கொழுந்து மலையின் தமிழ்ப்பெண்ணும் வில்கமுவவின் சிங்கள விவசாயியும் மொழியாலும் தொழிலாலும் வேறுபட்டவர்கள். வெயிலில் நெடுநேரம் உழைத்து நல்ல குடிநீர் போதாமையால் வருந்துவதில் ஒன்றுபட்டவர்கள்.

அண்மைக் காலத்தில் மேனாட்டவர் நடைமுறையில் ஏற்பட்டுவரும் மாற்றமொன்று இவ்வரலாற்றை வியக்கத்தக்க முறையில் மீளத் திருப்புகின்றது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையினர் வெளியிட்ட வழிகாட்டல், 65 வயதுக்குக் குறைந்த, கர்ப்பமுறாத பெண்களில் மூன்று குறிகளை முதலில் நோக்குமாறு கூறுகின்றது. நீர் கழிக்கையில் எரிவு, இரவில் புதிதாக எழ நேர்தல், நீர் கண்ணுக்குக் கலங்கித் தோன்றுதல். இவற்றுள் இரண்டோ மூன்றோ இருப்பின் தாளைத் தோய்க்காமலே தொற்றெனக் கொள்ளலாம். ஒரு குறியே உள்ளபோதுதான் தாள் பெரிதும் உதவும். முதியோரிடத்து, நோயின்றியும் கிருமி இருக்கக்கூடுமாதலின், தாளைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பர். கர்ப்பிணிகளுக்கோ தாள் போதாது. கிருமி வளர்ப்பே வேண்டும்.

நீரின் கலங்கலைக் கண்ணாற் காணுதல் என்பது நீர்க்குறியாரின் ஐந்து நோக்குகளுக்கு நெருங்கிய உறவுடையது. அதற்கு வேண்டியவை ஒரு தெளிந்த கண்ணாடிக் குவளை, பகல் வெளிச்சம், குவளையை எவரும் காணாமல் ஏந்திப் பார்ப்பதற்கு ஒரு மறைவிடம். பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்திலே, பிரட்டு மணி அடிக்குமுன் எழுந்து, குழந்தைகளுக்குச் சமைத்து, இருள் விலகும் வேளையில் மலையேறும் ஒருத்திக்கு இம்மூன்றில் முதலாவது மட்டுமே கைக்கெட்டியது.